டேபிள் டென்னிஸ் ஆடுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

மாட்டுங்காவில் அண்ணன் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பழைய பேப்பரை விரிப்பார்கள். அண்ணன் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் பேட்டில் இருக்கும் தேய்ந்த ரப்பரை ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பாள். மரத்தில் தங்கிய பழைய பசை சவ்வு மாதிரி வரும். அதை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுப்பாள். பிறகு மரத்திலும் புது ரப்பரின் ஸ்பாஞ்ச் பக்கத்திலும் பசை தடவுவாள். தடவும்போது பால் போல இருக்கும் பசை, காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளியும். தெளியும்வரை யாரும் ஃபேன் போடக் கூடாது, தூசி ஒட்டிவிடும். கடைசியில் சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டை வரும். அதை வைத்து ரப்பரைக் காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி ஒட்டி, மரத்தின் விளிம்பையொட்டிக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டினால் வேலை முடிந்தது.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கட்டையைக் கழுவிக்கொண்டே அண்ணி கேட்டார்: "ஒரு ஷீட் அஞ்சாயிரம். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பத்தாயிரம். மூணு மாசம்கூட வரமாட்டேங்குது. பத்தாவது முடிச்சாச்சு. இதை வச்சுக்கிட்டு இவ பின்னாடி என்ன பண்ணுவா, சொல்லுங்க தம்பி."

நான் கல்லூரிக் காலத்தில் மும்பையில் டிடி, அதாவது டேபிள் டென்னிஸ், ஆடியவன். இப்போது வங்கியில் வேலை. ஆட்டத்தால் கிடைத்த வேலை இல்லை, தேர்வு எழுதிக் கிடைத்தது. அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று அண்ணி நினைத்தார். அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை. முழுதாகச் சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பரிசுப் பணம் என்ற நினைப்பை ஒதுக்கிவிட வேண்டும். உலகப் போட்டிகளை 2021 முதல் டபிள்யூடிடி என்ற அமைப்பு படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறது: அடியில் ஃபீடர், அதற்கு மேல் கன்டெண்டர், ஸ்டார் கன்டெண்டர், சாம்பியன்ஸ், உச்சியில் கிராண்ட் ஸ்மாஷ். கன்டெண்டர் ஒன்றை வென்றால் 400 புள்ளி, கிராண்ட் ஸ்மாஷ் வென்றால் 2000. உலகத் தரவரிசைக்கு ஓர் ஆட்டக்காரரின் கடந்த 12 மாதத்தில் சிறந்த 8 முடிவுகள் மட்டும் கணக்கு. ஓராண்டு கழிந்ததும் அந்தப் புள்ளி உதிர்ந்துவிடும். ஆகவே போன வருஷம் எங்கே நன்றாக ஆடினாரோ, இந்த வருஷமும் அதே மாதத்தில் ஏதாவது ஓர் இடத்தில் அதே அளவுக்கு ஆடியாக வேண்டும். ஓய்வெடுத்தால் இடம் போய்விடும். இந்தியாவிலிருந்து கிளம்புகிற ஒருவருக்குப் பாதிப் போட்டிகள் வேறு கண்டத்தில். விமானக் கட்டணம், ஓட்டல், கூட வரும் பயிற்சியாளரின் செலவு எல்லாம் போட்டு, முதல் சுற்றில் தோற்றுத் திரும்பினால் கையில் வருவது டிக்கெட்டுக்கே காணாது. உலகத்தில் முதல் இருபது, முப்பது பேரைத் தாண்டிப் போனால் பரிசுப் பணத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது இந்த ஆட்டத்தில் முடியாத காரியம்.

அப்படியானால் நம் ஆட்டக்காரர்கள் எதில் வாழ்கிறார்கள்? தேசிய சாம்பியன்ஷிப் ஸ்கோர்போர்டைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அரையிறுதிக்கு வருகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், வங்காளம் என்று இருப்பதைவிட பி.எஸ்.பி.பி., ஆர்.பி.ஐ., ரயில்வே என்று இருப்பதுதான் அதிகம். பி.எஸ்.பி.பி. என்பது அரசு எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு வாரியம். நம் ஆட்டக்காரர்களில் பெயர்பெற்ற சரத் கமல் இந்தியன் ஆயில் ஊழியர். அவருக்குப் பின்னால் வந்த சத்தியன் ஓஎன்ஜிசி. 2024-இல் லாகோஸில் கன்டெண்டர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியரான ஸ்ரீஜா அகுலா ரிசர்வ் வங்கிக்காரர். மாதச் சம்பளம், பயிற்சி முகாமுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, உள்ளூர்ப் போட்டிகளுக்குப் பயணச் செலவு, மருத்துவ வசதி. இந்த ஏற்பாடு இல்லாமல் இந்தியாவில் டிடி என்ற ஆட்டமே இந்த உயரத்துக்கு வந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

இதில் மும்பைக்கு ஒரு தனி இடம் உண்டு. ரிசர்வ் வங்கித் தலைமையகம் இங்கே. பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், எல்ஐசி எல்லாமே இங்கே. மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே இரண்டுக்கும் தலைமையகம் இதே ஊரில். மகாராஷ்டிர அரசுப் பணிகளிலும் விளையாட்டுக்காரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று இங்கே குடியேறிய நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த அலுவலகங்களை நம்பித்தான் ரயிலேறி வந்தார்கள். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் முடித்துவிட்டு தாத்தா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாரோ, அதே கட்டடத்துக்குள் பேத்தி பேட்டைப் பிடித்துக்கொண்டு நுழைய முடியும். "நிலையான வேலை வேணும்" என்று அண்ணி சொல்வதற்கும் இந்த ஆட்டத்துக்கும் பகை எதுவும் கிடையாது. அதை அவரிடம் சொன்னபோதுதான் முதன்முறையாக முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் அந்தக் கதவு எல்லா வயதிலும் திறந்திருக்காது. தேசிய அளவில் வயதுப் பிரிவுகள் 11, 13, 15, 17, 19 என்று போகின்றன. ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில் போன்ற நிறுவனங்கள் பதின்ம வயதினருக்கு உதவித்தொகை கொடுப்பது உண்டு. அங்கிருந்துதான் பலர் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குள் தேசிய அளவில் பதக்கம் காட்டினால் அலுவலகங்கள் திரும்பிப் பார்க்கும். இருபத்துநாலில் முதன்முறையாகக் காலிறுதிக்கு வருகிறவரை அவ்வளவாகப் பார்க்காது, அந்த இடத்தைப் பதினெட்டு வயதுக்காரர் பிடித்திருப்பார். டிடி ஆட்டக்காரர் தன் முழுத் திறமைக்கு வருவது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில். வேலை முடிவாவது அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால். பழுக்கும் முன்னே விலை பேசப்படுகிறது. இந்த ஆட்டத்தில் எனக்கு மனம் ஆறாத ஒரே விஷயம் இதுதான்.

விலை பேசி முடிந்த பிறகும் பிரச்சினை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுத்த மேசையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த ஒருவர் இருந்தார். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார், மதியம் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். அலுவலகங்களுக்கிடையிலான போட்டிகளில் வருஷா வருஷம் கோப்பை கொண்டுவந்தார், எல்லோரும் கைதட்டினோம். முப்பத்தைந்தாவது வயதில் தோள்பட்டை போயிற்று. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தால், கூடச் சேர்ந்தவர்கள் இரண்டு பதவி உயர்வு மேலே போயிருந்தார்கள். நேற்று வந்த பையன்கள் அவருக்கு கணினியில் வவுச்சர் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எட்டு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டார், துறைத் தேர்வும் எழுதினார். வீட்டில் யாரும் அந்தச் சம்பளம் இல்லாமல் ஒரு மாதம்கூடக் கஷ்டப்படவில்லை. வேலையின் முழு அருமையையும் அதன் விலையையும் அவரிடம்தான் பார்த்தேன். இன்னொரு ரகமும் உண்டு: வேலை உறுதியானதும் பசி அடங்கி, அலுவலகக் கோப்பையோடு நின்றுவிடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேர் வீட்டில் அந்த வேலைக்காகவே ஆடச் சொல்லியிருப்பார்கள்!

வேலையை வைத்துக்கொண்டு அதற்கு மேலும் போவது எப்படி என்பதற்கு நமக்குக் கிடைத்த பாடம் சரத் கமல். 1982-இல் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர், அப்பாவும் சித்தப்பாவுமே பயிற்சியாளர்கள். 2006-இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். 2022-இல் பர்மிங்காமில், 40 வயதில், மறுபடியும் ஒற்றையர் தங்கம். நடுவில் 16 வருஷம். தேசியப் பட்டம் 10. மும்பையின் கம்லேஷ் மேத்தா 8 பட்டத்தோடு வைத்திருந்த சாதனையை 2019-இல் அவர் தாண்டினார். ஒலிம்பிக் ஐந்து. 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த ஸ்டார் கன்டெண்டர் போட்டியில் இளைய இந்திய ஆட்டக்காரர் ஒருவரிடம் தோற்று விடைபெற்றார்.

அந்தக் காலக்கட்டத்தில் ஆட்டம் எத்தனை தடவை மாறியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். அவர் சிறுவனாகப் பிடித்த பந்து 38 மில்லிமீட்டர். 2000-இல் அது 40 ஆனது. பந்து மெதுவானது, சுழற்சி குறைந்தது. 2001-இல் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. மெல்லச் சூடேறுகிறவர்களுக்கு அவகாசம் போயிற்று. 2002-இல் சர்வீஸ் போடும்போது பந்தை உடலால் மறைப்பது தடையானது. 2008-இல் ரப்பருக்கு வேகம் கூட்டும் கரைப்பான் கலந்த பசை தடையானது. இப்போது அண்ணன் மகள் தடவும் தண்ணீர்ப் பசை அப்போதுதான் பரவலானது. 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ சிலருடைய ஆட்டம் செல்லாக்காசு ஆகும். கையை, காலை, பந்தைத் தொடும் நேரத்தைத் திரும்பப் பழக்க வேண்டும். 2.7 கிராம் எடையுள்ள பந்து நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழன்று வரும்போது அரை மில்லிமீட்டர் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

கருவி மாறி ஆட்டம் மாறிய கதையின் முதல் அத்தியாயம் இந்த ஊரில்தான் நடந்தது. 1952-இல் உலக சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. வந்த இடம் பம்பாய். அதுவரை எல்லோரும் ஆடியது மரத்தின்மேல் மெல்லிய புள்ளி ரப்பர் ஒட்டிய பேட். டொக் டொக் என்று சத்தம் கேட்கும். எதிராளி எவ்வளவு அழுத்தி அடித்தான் என்பதைக் காதாலேயே பாதி அளந்துவிடுவார்கள். முதன்முறையாகக் களமிறங்கிய ஜப்பான் அணியில் ஹிரோஜி சாட்டோ என்ற மூக்குக்கண்ணாடிக்காரர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். சத்தமே இல்லை. பந்து ஸ்பாஞ்சில் அமுங்கி, ஒரு கணம் தங்கி, வேறு வேகத்தில் புறப்பட்டது. ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியும் முன்னே ஆட்டம் முடிந்திருந்தது. சாட்டோ உலக சாம்பியன் ஆனார். அதன்பின் அந்தப் பட்டத்தை அவர் வெல்லவே இல்லை. பேட் நிலைத்தது. 1959-இல் ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது, அந்த அளவு இன்றைக்கும் அப்படியே. மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் சப்பாத்திக் கட்டையால் உருட்டி ஒட்டுகிற அந்த ஐயாயிரம் ரூபாய் ஷீட்டுக்குப் பாட்டன் இந்த ஊரில் பெயர் வாங்கியவன் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். "அப்ப தள்ளுபடி குடுக்கலாமே சித்தப்பா" என்றாள்.

மும்பையில் பிள்ளைகளை நிஜமாகவே தடுப்பது இடம். மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். அதைப் பார்த்தால் சின்ன ஆட்டம் போலத் தோன்றும். ஆனால் பெரிய போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட களம் வேண்டும். கணக்குப் போட்டால் ஆயிரம் சதுர அடிக்கு மேல். மாட்டுங்காவில் அது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். இருவர் ஆட அவ்வளவு இடம். அதனால்தான் இந்த ஊரில் டிடி பெரும்பாலும் ஜிம்கானாக்களை ஒட்டியே வளர்ந்தது. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு மேசை கிடைக்கும். தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு மேசை வேண்டுமென்றால் பள்ளிக்கூடமோ மாநகராட்சிக் கூடமோ கண் திறக்க வேண்டும். அண்ணன் மகளே ஏழாவது படிக்கும்போது ஒரு கிளப்பில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்கள் வந்ததும் மேசையை விட்டு எழ வேண்டியிருந்தது. சுவரோரமாக நின்று நிழலோடு ஆடிப் பழகிய நாள்கள் அவை. நல்ல ஆட்டக்காரருக்குத் தேவை மேசை நேரம்தான்: ஒரு கூடைப் பந்தைப் பயிற்சியாளர் விடாமல் போட்டுக்கொண்டே இருக்க, ஒரே அடியை முந்நூறு தடவை அடிப்பது. அதை மல்டிபால் என்பார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசம் இந்த ஆட்டத்தில் பேட்டில் தெரிவதைவிட இங்கேதான் அதிகம் தெரியும்.

பதினெட்டு, பத்தொன்பது வயதுக்குப் பிறகு மேசை நேரம் மட்டும் போதாது, விதவிதமான கைகள் வேண்டும். ஒரே பத்துப் பேரோடு ஆடினால் அந்தப் பத்துப் பேரை ஜெயிக்கத்தான் பழகுவோம். சரத் கமல் ஜெர்மனியின் டிடி லீக்கான புண்டஸ்லிகாவுக்குப் போனதும், பின்னால் வந்தவர்கள் அதே வழியில் போனதும் இதற்காகத்தான். அங்கே கிளப்புகள் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தந்து ஒப்பந்தம் போடுகின்றன. குறிப்பிட்ட நாளில் லீக் ஆட்டம், மற்ற நாளெல்லாம் சுவீடன்காரர், கொரியாக்காரர், ஜெர்மானியர் என்று பல பாணிகளோடு பயிற்சி. சத்தியன் ஜப்பானின் டி-லீகிலும் ஆடியிருக்கிறார். தகவல் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டம் முடித்தவர், 2019-இல் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடம் வரை போனார். படிப்பா ஆட்டமா என்று அடித்துக்கொள்ளும் வீடுகளில் அவர் பெயரைச் சொன்னால் கொஞ்ச நேரம் சண்டை நிற்கும்.

உள்ளூரில் 2017 முதல் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் நடக்கிறது. யு மும்பா என்று நம் ஊர் அணியும் உண்டு. சில வாரங்களில் ஒரு தொகை, வெளிநாட்டுக்காரரோடு ஒரே அணியில் பயிற்சி. இளையவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய லாபம் என்பேன். ஒலிம்பிக் பதக்கத்தைக் குறிவைத்து ஆட்டக்காரர்களுக்கு உதவும் மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் முக்கியப் பட்டியலுக்கு வந்துவிட்டால் மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு, அதோடு வெளிநாட்டுப் பயிற்சிச் செலவும். ஆனால் அந்தப் பட்டியல் மிகச் சிறியது.

பெண் பிள்ளை என்பதால் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் பெரிய கதவுகளைப் பெண்கள்தான் திறந்திருக்கிறார்கள். டெல்லியின் மணிகா பத்ரா 2018-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம், 2024 பாரிஸில் ஒலிம்பிக் ஒற்றையரில் கடைசி 16 பேருக்குள் வந்த முதல் இந்தியர். அதே ஒலிம்பிக்கில் பெண்கள் அணி ருமேனியாவை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனது. 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் சுதிர்தா, ஐஹிகா முகர்ஜி ஜோடி சீன ஜோடியைச் சீனாவிலேயே தோற்கடித்துப் பதக்கம் வாங்கியது.

உடம்பு கைவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை அண்ணி கேட்கவில்லை, அண்ணன் கேட்டார். அவருக்கு நான் சென்னையின் வி. சந்திரசேகரைப் பற்றிச் சொன்னேன். மூன்று முறை தேசிய சாம்பியன், அர்ஜுனா விருதாளர். 1984-இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் நடப்பதே பெரும்பாடாகி, ஆட்டம் முடிந்துபோனது. நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடி நஷ்டஈடு பெற்றார். அதைவிடப் பெரிய காரியம், மேசைப் பக்கம் திரும்பி வந்து பயிற்சியாளராக நின்றது. இளம் சத்தியனும் அவரிடம் பயின்றவர்தான். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப டிகிரி ஒண்ணு கையில இருக்கணும்" என்றார். ஆமாம், இருக்க வேண்டும்.

கடைசியில் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். பதினொன்றாம் வகுப்புக்கு அறிவியல் வேண்டாம், காமர்ஸ்; கல்லூரி நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும், ரயிலில் போகும் நேரம் மேசைக்கு மிச்சமாகும். பதினேழு வயதுப் பிரிவில் இன்னும் ஒரு முழு சீசன் இருக்கிறது. அது முடியும்போது தேசிய அளவில் முதல் பதினாறு பேருக்குள் வந்திருந்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சியைக் கூட்டுவது. வராவிட்டாலும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை; பல்கலைக்கழக அணி, ரயில்வே தேர்வு என்று அடுத்த வழியைப் பார்ப்பது. அண்ணி ஒரு நோட்டு போட்டிருக்கிறார். இடது பக்கம் போட்டி, ஊர், எந்தச் சுற்று. வலது பக்கம் ரயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம், ரப்பர்.

நேற்று சனிக்கிழமை. பேக்ஹேண்ட் பக்கத்து ரப்பர் இன்னும் இரண்டு வாரம் தாங்கும் என்று அண்ணன் மகள் சொன்னாள். அண்ணி பேட்டை வாங்கி, கட்டைவிரலால் ரப்பரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "வழுக்குது. புதன்கிழமை மேட்ச் இருக்கு. மாத்திடு" என்று சொல்லி, பேப்பரை எடுத்து விரித்தார்.